கைமாறி வந்த கதைகள்



இலக்கியத் தொடர் என்றதும் ஒரு நாவலைப் பற்றியோ ஒரு கவிஞரைப் பற்றியோ பேசப் போகிறேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் இன்று எடுத்துக்கொண்ட விடயமோ, இலக்கியக்காரர் பலர் புத்தகமென்றே ஒப்புக்கொள்ளாத ஒன்று. சித்திரக்கதைச் சஞ்சிகைகள். அவை ஊவா மலைத் தோட்டங்களுக்கு எப்படி வந்தன, எப்படி வாசிக்கப்பட்டன, எப்படி இல்லாமற் போயின என்பதைச் சொல்ல வேண்டும். இதை எழுதி வைத்தவர் எவருமில்லை. ஆகவே என் ஞாபகத்தையே சாட்சியாகக் கொண்டு பேசுகிறேன்.

இந்த எண்ணத்தைக் கிளப்பி விட்டவன் என் தங்கச்சியின் பேரன். பன்னிரண்டு வயது. நமுனுகுலவில் அவர்கள் வீட்டு இஸ்தோப்பில் கைத்தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"என்னடா பாக்குற?"

"நருட்டோ, தாத்தா. ஜப்பான் படம்."

"இது முதல்ல புத்தகத்துல வந்ததுன்னு தெரியுமா?"

"புத்தகமா? இது போன்லதான் வரும் தாத்தா."

அவன் சொன்னதில் பிழை பிடிக்க முடியாது. அவன் கண்டது அவ்வளவுதான். ஆனால் அந்த நருட்டோ 1999 முதல் 2014 வரை ஜப்பானில் 'வீக்லி ஷோனன் ஜம்ப்' என்ற வாரச் சஞ்சிகையில் வந்த தொடர்கதை. மட்டமான தாளில், தொலைபேசி விபரக்கொத்து அளவு தடிப்பில், வாரந்தோறும் அச்சாகும் சஞ்சிகை அது. 1994 ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி ஒரே இதழ் 65 இலட்சம் பிரதிகள் வரை அச்சாகியது. 2017 ஆம் ஆண்டில் அது 20 இலட்சத்திற்கும் கீழே இறங்கிவிட்டது. அதே ஆண்டில்தான் அந்நாட்டில் சித்திரக்கதைத் தொகுப்பு நூல்களின் அச்சு விற்பனையை மின்வடிவ விற்பனை முதன்முதலாக முந்தியது. சித்திரக்கதைக்குத் தாயகம் என்று சொல்லத்தக்க ஜப்பானிலேயே இந்தக் கதி.

அந்த ஜப்பானிய அசையும் படங்களை, 'அனிமே' என்கிறார்கள், நேசித்த முதல் தலைமுறையினரும் இன்று என்னைப் போலத்தான் பழைய சஞ்சிகைகளை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள். 1978 இல் தொடங்கிய 'அனிமேஜ்', 1985 இல் தொடங்கிய 'நியூடைப்' ஆகியவை அவர்களுக்கு வேதம். ஹயாவோ மியாசாகியின் 'நௌசிகா' சித்திரக்கதையாக 1982 முதல் 1994 வரை வந்தது அந்த 'அனிமேஜ்' பக்கங்களில்தான். அமெரிக்காவில் இந்தப் படங்களுக்கென்றே வந்த 'அனிமெரிக்கா' 2005 இலும், 'நியூடைப்' சஞ்சிகையின் ஆங்கிலப் பதிப்பு 2008 இலும் நின்றன. ஒரு மாதம் காத்திருந்து சஞ்சிகையில் அறிந்த செய்தியை இணையம் ஒரு மணித்தியாலத்தில் தந்துவிட்டது. யார் காத்திருப்பார்கள்?

டோக்கியோவின் கதை இது. நமுனுகுலவின் கதை வேறு. இங்கே அச்சுச் சஞ்சிகை என்றுமே தாராளமாகக் கிடைத்ததில்லை. எனவே அது இல்லாமற் போன விதமும் வேறு.

நமுனுகுல என்றால் ஒன்பது சிகரம் என்று பொருள். இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் உயர்ந்த மலை. பதுளையிலிருந்து பசறை வந்து, பசறையிலிருந்து எல்ல போகும் பாதையில் வளைந்து வளைந்து ஏறினால் அந்தச் சிறிய கடைத்தெரு வரும். அதற்கு மேலும் கீழும் தேயிலை. கொழும்பிலிருந்து வந்த புகையிரதப் பாதை 1924 ஆம் ஆண்டில் பதுளையைத் தொட்டு நின்றுவிட்டது. எங்களுக்கு வரவேண்டிய எந்தத் தாளும் அந்தக் கோச்சியில் இராத்திரி முழுவதும் பயணம் செய்து, பதுளைக் கடைத்தெருவில் இறங்கி, பஸ்சில் பசறை வந்து, பின் கால்நடையாகத்தான் லயத்துக்கு ஏறியது.

முதலில் ஏறியவை செய்திப் பத்திரிகைகள். 'வீரகேசரி' 1930 இலும் 'தினகரன்' 1932 இலும் தொடங்கின. கணக்கப்பிள்ளை வீட்டிலும் பெரிய கங்காணி வீட்டிலும் ஒரு பிரதி இருக்கும். அது இரண்டு நாள் கழித்துச் சலூனுக்கு வரும். சலூனில் ஒருவர் வாசிக்க, முடிவெட்ட வந்தவரும் வராதவரும் கேட்பார்கள். 1947 இல் சென்னையிலிருந்து 'அம்புலிமாமா' வந்தது. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய அந்தச் சிறுவர் மாத இதழில் வேதாளத்தைத் தோளில் சுமந்து செல்லும் விக்கிரமாதித்தனின் படத்தைச் சங்கர் வரைந்தார். எழுத்துத் தெரியாத எங்கள் பாட்டிமார்கூட அந்த ஒரு படத்தைப் பார்த்துக் கதையைச் சொல்லிவிடுவார்கள். படம் உள்ள புத்தகத்துக்கு லயத்தில் மதிப்புக் கூடியதன் காரணம் இதுவே. எழுத்து ஒருவருக்குத்தான் தெரியும். படம் எல்லோருக்கும் தெரியும்.

நான் பிறந்தது 1966 ஆம் ஆண்டு. எனக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்த காலத்தில் இந்தியச் சஞ்சிகைகள் அரிதாகிவிட்டன. 1970 இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் அந்நியச் செலாவணி நெருக்கடியைக் காரணம் காட்டி இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. தமிழகத்துச் சஞ்சிகைகளும் அதில் அகப்பட்டுக்கொண்டன. இதனால் நன்மையும் விளைந்தது. உள்ளூர் எழுத்துக்கு இடம் கிடைத்தது. வீரகேசரிப் பிரசுரமாக நாவல்கள் தொடர்ந்து வெளிவந்தன. ஹாலிஎலப் பக்கம் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934 இல் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' 1974 இல் அவ்வாறு வந்ததுதான். பெரியவர்களுக்கு அது நல்ல காலம். படக்கதை தேடும் ஒரு பிள்ளைக்கு அது வறட்சிக் காலம்.

அது உண்மையான பஞ்ச காலமும்கூட. 1973, 74 ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் அரிசியும் மாவும் குறைந்து மனிதர் மாண்டதை ஊவாவில் மறந்தவர் இல்லை. அந்தப் பஞ்சத்தில்தான் என் அண்ணன் பதின்மூன்று வயதில் படிப்பை விட்டு, பதுளையில் ஒரு பலசரக்குக் கடைக்குச் சிப்பந்தியாகப் போனார். வீட்டில் ஒரு வயிறு குறைந்தது. எனக்கோ அவரால் ஒரு நூலகம் திறந்தது.

கடைகளில் சீனி, பருப்பு, கொத்தமல்லி எல்லாம் தாளில் சரை சுற்றிக் கொடுத்த காலம் அது. சரை சுற்றப் பழைய சஞ்சிகைகள் நிறை கணக்கில் கடைக்கு வரும். அண்ணன் அவற்றில் படமுள்ள பக்கங்களை மாத்திரம் தனியே எடுத்து வைத்து, மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும்போது கொண்டுவருவார். முதற்பக்கம் இருந்தால் கடைசிப் பக்கம் இராது. வேதாளம் கேள்வி கேட்கும். விடை யாரோ வாங்கிப் போன மிளகாய்த் தூளைச் சுற்றிக்கொண்டு போயிருக்கும். அந்த விடைகளை நானும் என் கூட்டாளியும் நாங்களாகவே உண்டாக்கிச் சொல்லிக்கொள்வோம். அடுத்த காம்பராவில் பிறந்தவன் அவன். என்னைவிட நன்றாகக் கதை கட்டுவான்.

1977 இல் ஆட்சி மாறிப் பொருளாதாரம் திறந்து விடப்பட்டது. தோட்டத்துக்கு அதனால் வந்த தீமைகளைப் பேச இது நேரமல்ல. ஆனால் அடுத்த ஆண்டு, எனக்குப் பன்னிரண்டு வயதில், அண்ணன் முழுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். அட்டை இருந்தது. கடைசிப் பக்கமும் இருந்தது. சிவகாசி 'முத்து காமிக்ஸ்' வெளியிட்ட 'இரும்புக்கை மாயாவி' அது.

இந்த மாயாவியின் பூர்வீகத்தை நான் வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். இங்கிலாந்தில் 1962 இல் தொடங்கிய 'வேலியன்ட்' என்ற சிறுவர் வார இதழின் நாயகன் அவன். ஸ்பானிய ஓவியர் ஹேசூஸ் பிளாஸ்கோ வரைந்த படங்கள். 1972 இல் சௌந்தரபாண்டியன் சிவகாசியில் 'முத்து காமிக்ஸ்' இதழைத் தொடங்கியபோது முதல் வெளியீடாக அவனைத் தமிழ் பேச வைத்தார். சிவகாசியில் அச்சகங்களுக்குக் குறைவில்லை. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வர்ணத் தாள் அடித்த ஊரிலிருந்தே தமிழ்ப் பிள்ளைகளுக்கு இலண்டன் துப்பறிவாளர்களும் வந்தார்கள். அங்கே மாயாவி தமிழ் பேசத் தொடங்கிய நேரம் இங்கே கதவு சாத்தியிருந்தது. ஆறு வருடம் பிந்தித்தான் அவன் நமுனுகுல ஏறினான்.

மாயாவிக்கு ஒரு கை இரும்பு. அதில் மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். இதில் எங்களுக்கு ஒரு பெரிய சந்தேகம். எங்கள் தோட்டத்தில் மின்சாரம் தேயிலை ஸ்டோரிலும் துரை பங்களாவிலும்தான் இருந்தது. லயத்தில் குப்பி விளக்கு. மாயாவி எங்கள் லயத்துக்கு வந்தால் எப்படி மறைவான்? கூட்டாளி நன்றாக யோசித்துச் சொன்னான்: "ஸ்டோருக்குப் போய் மறைஞ்சிட்டு, பெறகு லயத்துக்கு வருவான்டா." துரையும் கண்டக்டரும் காணாமல் ஸ்டோருக்குள் போய்வர ஒருவனால் முடியும் என்பதே எங்களுக்கு மாயாவியின் மந்திரத்தை விடப் பெரிய மந்திரமாகத் தோன்றியது.

ஒரு புத்தகம் வந்தால் அது ஒருவருடையதாக இருந்ததில்லை. மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்து பெண்கள் வந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டும் வேளையில் இஸ்தோப்பில் உட்கார்ந்து உரத்து வாசிக்க வேண்டும். வாசிப்பது நான். படத்தைத் திருப்பிக் காட்டுவது கூட்டாளி. மறுநாள் விடியற்காலை பெரட்டுக்குப் போகும் வழியில் பெரியம்மா கேட்பார்: "அந்த இரும்புக் கைக்காரன் தப்பிச்சானா, தம்பி?" மலையில் கொழுந்து பறிக்கும்போது அந்தக் கதை நிரையிலிருந்து நிரைக்குப் போகும். பிற்பகல் திரும்பி வரும்போது இலண்டன் துப்பறிவாளர் மதுரைவீரன் சாயலில் நடந்துகொண்டிருப்பார். ஒரு பிரதியை எத்தனை பேர் வாசித்தார்கள் என்று இப்போது கணக்குப் பார்க்கிறார்கள். எங்கள் லயத்தில் வாசித்தவர் இரண்டு பேர். கேட்டவர் முப்பது பேர். இந்த முப்பது பேரை எந்த விற்பனைக் கணக்கில் சேர்ப்பது?

வாசித்து முடிந்தால் புத்தகம் அடுத்த லயத்துக்குப் போகும். அதற்குச் சட்டம் இருந்தது. கொழுந்துக் கறை படிந்த கையால் தொடக்கூடாது. மூன்றாம் நாள் திருப்பித் தரவேண்டும். வாசித்தவன் உள் அட்டையில் பென்சிலால் தன் லயத்தையும் காம்பராவையும் எழுத வேண்டும். 'அஞ்சாம் லயம் மூணாங் காம்பரா', 'மேல் டிவிசன் ஏழாங் காம்பரா' என்று எங்கள் மாயாவியின் உள் அட்டை முழுவதும் நிரம்பியிருந்தது. பெயர் எழுதும் வழக்கமில்லை. தோட்டத்தில் ஆளுக்கு அடையாளம் அதுதான்.

மலையடிவாரத்துச் சிங்களக் கிராமத்துப் பையன் ஒருவன் 'சித்தர', 'சதுட' என்ற சிங்களச் சித்திரக்கதைப் பத்திரிகைகளைக் கொண்டுவந்து எங்கள் மாயாவியை வாங்கிப் போவான். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது. படம் போதும். எங்களுக்கோ அந்தச் சிங்களப் படக்கதைகளே பாடப்புத்தகமாயின. படத்தைப் பார்த்து எழுத்தை ஊகித்து, எழுத்தைக் கொண்டு சொல்லை ஊகித்து நான் சிங்களம் வாசிக்கப் பழகியது அவ்வாறுதான். பிற்காலத்தில் எனக்கு வேலை கிடைத்ததற்கும் அந்தச் சிங்களம் உதவியது.

பெரியவர்களுக்கு இவை பிடித்தமில்லை. வாத்தியார் ஒருவர் என் பையிலிருந்து ஒரு புத்தகத்தைப் பறித்து, "இது படிப்பைக் கெடுக்கும் குப்பை" என்று மேசையில் போட்டார். பிறகு ஒருநாள் இடைவேளையில் அவரே அதை விரித்து வைத்து வாசித்துக்கொண்டிருந்ததை யன்னலால் கண்டோம். அவர்மீது எனக்குக் கோபமில்லை. மலையகத்து இலக்கியமே பத்திரிகைப் பக்கங்களில் வளர்ந்ததுதானே. அறுபதுகளில் 'வீரகேசரி' தோட்டப் பக்கத்தை எஸ்.எம். கார்மேகம் பொறுப்பாக நடத்தினார். சிறுகதைப் போட்டிகள் நடந்தன. பரிசுபெற்ற கதைகள் 'கதைக்கனிகள்' என்ற பெயரில் 1971 இல் நூலாயின. அந்தக் கதைகளை வாசிக்க ஒரு கூட்டம் வேண்டுமே. எங்களைப் போன்ற பிள்ளைகளில் பலர் படக்கதையில் ஏறித்தான் அந்தக் கதைகளுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

இனி, சொல்லக் கொஞ்சம் கஷ்டமான பகுதிக்கு வருகிறேன்.

1964 ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. எழுதியவர்களுக்கு அது எண்ணிக்கை. 1981 இல் அந்த எண்ணிக்கையில் என் கூட்டாளியின் குடும்பமும் சேர்ந்தது. பதுளையில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம். சஞ்சிகைகள் எந்தக் கடலைத் தாண்டி வந்தனவோ அதே கடலைத் தாண்டி அவன் போனான். தன் பங்குப் புத்தகங்களைக் கட்டிக் கொண்டுவந்து என்னிடம் வைத்தான். "அங்கதானே இதை அடிக்கிறாங்க, எனக்கு அங்க கெடைக்கும்" என்றான். மொத்தம் இருபத்துமூன்று புத்தகங்கள். தாள் பழுத்து, கம்பி துருப்பிடித்து இருந்தன.

அவற்றை இரண்டாக்கிப் பைண்டு பண்ணிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. 1983 ஆம் ஆண்டு ஆடி மாதம் அண்ணன் வந்தபோது கட்டைக் கொடுத்தனுப்பினேன். பதுளையில் தெரிந்த இடத்தில் மலிவாகச் செய்து தருவதாகச் சொன்னார். அந்த மாதம் 27 ஆந் திகதி பதுளை எரிந்தது. கடைத்தெருவில் தமிழரின் கடைகள் வரிசையாக எரிந்தன. மேலே மலையில் இருந்த எங்களுக்குப் புகை தெரிந்தது. இராத்திரிகளில் லயத்தை விட்டுத் தேயிலைக்குள் படுத்தோம். அண்ணன் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். செருப்பில்லை. சட்டையில் ஒரு கையில்லை. அம்மா அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

நேயர்களே, ஒரு விடயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். அண்ணன் உயிரோடு வந்து நின்ற அந்த நேரத்தில் என் மனதில் எழுந்த இரண்டாவது எண்ணம் அந்தப் புத்தகக் கட்டைப் பற்றியது. வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் கேட்க நினைத்தேன். அந்த வெட்கம் நாற்பது வருடங்களுக்குப் பிறகும் போகவில்லை. அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "புத்தகம் போச்சு தம்பி" என்று மட்டும் சொன்னார். அவருடைய பத்து வருட உழைப்பும் சேமிப்பும் அந்தக் கடையோடு போனதை அவர் சொல்லவேயில்லை.

அச்சுச் சஞ்சிகையை இணையம் கொன்றுவிட்டது என்று எல்லோரும் எளிதாகச் சொல்லும்போது இந்த நாட்கள் என் ஞாபகத்துக்கு வருகின்றன. எங்கள் லயத்து வாசிப்பில் இணையம் கைவைக்க முன்னரே பலர் கைவைத்துவிட்டார்கள். செலாவணிக் கட்டுப்பாடு ஒருமுறை. ஒப்பந்தம் ஒருமுறை. நெருப்பு ஒருமுறை.

பிறகு தொலைக்காட்சி. ரூபவாஹினி 1982 இல் தொடங்கியது. கடைத்தெருவில் ஒரு பெட்டி வந்தது. மாலையில் லயமே அதன் முன்னால் நின்றது. வேடிக்கை என்னவென்றால் தமிழ்ச் சித்திரக்கதைக்குப் பொற்காலம் பிறந்தது அதன் பின்னரே. 1984 ஆம் ஆண்டு ஜூலையில் சிவகாசியிலிருந்து விஜயனை ஆசிரியராகக் கொண்டு 'லயன் காமிக்ஸ்' வந்தது. அதே ஆண்டு 'ராணி காமிக்ஸ்' தொடங்கியது. தலைமன்னார்க் கப்பல் போரினால் நின்றதும் அதே 1984 இல்தான். கொழும்புக்கு வந்த புத்தகங்கள் பதுளை வரை வந்தன. ஆனால் உரத்து வாசிக்க யாரும் கேட்கவில்லை. அவனவன் காசு கொடுத்து வாங்கி அவனவன் வாசித்தான்.

இணையம் இந்நாட்டில் வர்த்தக ரீதியாக வந்தது 1995 இல். தோட்டத்துக்கு அது கணினி வழியாக வரவில்லை. பதினைந்து இருபது வருடம் கழித்துக் கைத்தொலைபேசியில் வந்தது. அதற்குள் 'அம்புலிமாமா' 1998 இல் ஒருமுறை நின்று, மீண்டும் எழுந்து, 2013 அளவில் ஓய்ந்துவிட்டது. 'ராணி காமிக்ஸ்' 2005 இல் நின்றது. நம் நாட்டில் டொமினிக் ஜீவா 1966 முதல் சுமந்த 'மல்லிகை' 2012 இல் நின்றது. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் பத்திரிகைத் தாள் வாங்க டொலர் இல்லாமல் 'ஐலண்ட்', 'திவயின' பத்திரிகைகளின் சனிக்கிழமை அச்சுப் பதிப்புகள் நிறுத்தப்பட்டன. மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே தாளில்லாமல் பிற்போடப்பட்டன. நான் பிள்ளையாக இருந்தபோது கேட்ட அதே அந்நியச் செலாவணி என்ற சொல்லை அன்று மறுபடி கேட்டேன்.

ஆனால் இணையத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 'லயன்', 'முத்து' இதழ்கள் தளர்ந்து ஒழுங்கின்றி வந்துகொண்டிருந்தபோது, சித்திரக்கதை வாசகர்கள் உலகின் பல மூலைகளிலிருந்தும் இணையத்தில்தான் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். 2012 ஜனவரியில் அந்த இதழ்கள் நல்ல தாளில், வர்ணத்தில் மீண்டு வந்தன. விலை கூடியது. பிரதிகள் குறைவு. சந்தா கட்டுவோர் பெரும்பாலும் நரைத்த தலையர். என்றாலும் அச்சு நிற்கவில்லை. கொன்றதாகச் சொல்லப்படும் இணையமே அங்கு சந்தா சேர்த்துக் கொடுத்தது.

என் கூட்டாளியையும் எனக்குத் திருப்பித் தந்தது அந்தத் தொலைபேசிதான். முப்பத்துச் சொச்சம் வருடங்களின் பின் உறவினர் வழியாக இலக்கம் கிடைத்தது. நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றிருந்தான். இந்தியாவுக்குப் போன பின் பத்து வருடம் ஒரு படக்கதைகூட வாங்கவில்லையாம். "சிவகாசி பக்கந்தான். காசுதான் தூரம்" என்றான். இப்போது பிள்ளைகள் தலையெடுத்த பிறகு மறுபதிப்பு மாயாவியை வரவழைத்து வைத்திருக்கிறான். ஒரு பிரதியை யாத்திரை வந்தவர் கையில் எனக்கும் கொடுத்தனுப்பினான்.

புத்தகத்தைத் திறந்தேன். படங்கள் அத்தனையும் தெளிவு. உள் அட்டை வெள்ளையாக இருந்தது. தொலைபேசியில் பார்த்தாலும் அப்படித்தான். பேரன் இரண்டே நிமிடத்தில் மாயாவியைத் தேடி எடுத்துக் காட்டினான். கதை முழுவதும் கிடைத்தது. அதை வாசித்தவர்களின் லய இலக்கம் அதில் இல்லை.

நான் இழப்பாக நினைப்பது இதைத்தான். கதைகள் அழியவில்லை. 'அம்புலிமாமா' ஆகட்டும், மாயாவியாகட்டும், யாரோ ஒரு புண்ணியவான் எங்கோ பிரதியெடுத்து வைத்திருப்பார். ஆனால் ஒரு பிரதியைச் சுற்றி முப்பது பேர் உட்கார்ந்த அந்த இஸ்தோப்பை எவரும் பிரதியெடுக்கவில்லை. எழுத்தறியாத பெண்கள் கதையை மலைக்குக் கொண்டுபோய் மாற்றிச் சொன்னதை எந்த இலக்கிய வரலாறும் குறித்துக்கொள்ளவில்லை. எங்கள் மலையகத்துச் சிறுகதையின் வரலாற்றைத் தெளிவத்தை ஜோசப் தேடித் தேடி எழுதி வைத்துவிட்டு 2022 இல் மறைந்தார். வாசகரின் வரலாற்றை எழுத ஆளில்லை. அந்த வாசகர்களுக்கு இப்போது அறுபதும் எழுபதும் வயது.

2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் சேர்த்து எவரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட ஒரு சமூகத்துக்கு அந்தப் பணியின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில் ஏதாவது தோட்டத்துச் சிற்றேடு, நாடக நோட்டீஸ், கையெழுத்துப் பத்திரிகை கிடந்தால் கறையான் தின்னுமுன் எடுத்துக் கொடுங்கள். அதன் ஓரத்தில் யாராவது பென்சிலால் ஏதாவது எழுதியிருந்தால் அழித்துவிடாதீர்கள். அதையும் சேர்த்துப் பிரதியெடுக்கச் சொல்லுங்கள். புத்தகம் எதுவுமில்லாதவர்கள், யார் வாசித்தார்கள், யார் கேட்டார்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

சென்ற முறை நமுனுகுல போனபோது மறுபதிப்பு மாயாவியைக் கொண்டுபோனேன். பேரனைக் கூப்பிட்டு, தொலைபேசியை வைத்துவிட்டு இதை உரத்து வாசி என்றேன். கூச்சப்பட்டான். நாலு பக்கம் வாசித்தான். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு வாசலில் வந்து நின்றன. ஐந்தாம் பக்கத்தில் சற்று நிறுத்தி, "தாத்தா, இவனுக்குக் கரண்ட் இல்லாட்டி என்ன செய்வான்?" என்று கேட்டான்.

லயத்துக்கு மின்சாரம் வந்து எத்தனையோ வருடமாயிற்று. ஆனாலும் கேள்வி அதேதான். பதில் சொல்லவில்லை. பென்சிலைக் கொடுத்து, உள் அட்டையில் வீட்டு இலக்கத்தை எழுது, மூன்றாம் நாள் அடுத்த வீட்டுக்குக் கொடு என்றேன்.